கமராவைத் திருப்பிவிட்டது நாங்கள்தான்

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

ஹந்தானைக்கு ஏறுகிற ரோட்டில் இருந்து பிரிகிற ஒரு ஒழுங்கை. இரண்டு பக்கமும் போர்டிங் வீடுகள். கம்பஸ் பிள்ளைகள்தான் அநேகம். பின்னேரம் மழை பெய்து மூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் வருகிறவர் யாரென்று தெரியாது. அந்த ஒழுங்கையின் முடக்கில், எங்கள் போர்டிங் மதிலில், வீட்டுக்கார அன்ரி ஒரு கமரா பூட்டியிருந்தா. முன்வீட்டு மோட்டார்சைக்கிள் களவு போன பிறகு பூட்டியது.

பூட்டி ஒரு மாதத்துக்குள்ளேயே நாங்கள் அதற்கு ஷொப்பிங் பையால் தொப்பி போட்டோம். அன்ரி கழற்றினா. திரும்பப் போட்டோம். திரும்பக் கழற்றினா. பிறகு ஒருநாள் இரவு தும்புத்தடியால் தள்ளி, கமராவின் முகத்தை மேலே திருப்பிவிட்டோம். அதை அன்ரி கவனிக்கவில்லை. நாங்கள் அறைக்குள் வந்து பெரிய போராட்டம் ஒன்றை வென்றதுபோலச் சிரித்தோம்.

மூன்று கிழமைக்குப் பிறகு எங்கள் பட்ச் தோழி ஒருத்தி லைப்ரரியில் இருந்து திரும்பி வரும்போது, அதே முடக்கில் வைத்து, பின்னால் பைக்கில் வந்தவன் அவள் உடம்பில் கைவைத்தான். கத்தினாள். பையைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் தள்ளிவிட்டுப் போனான். விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. பொலிஸில் கேட்ட முதல் கேள்வி, "அந்த இடத்தில கமரா இருக்கா?"

இருந்தது. அன்ரி ரெக்கோடரைப் போட்டுக் காட்டினா. திகதி சரி, நேரம் சரி, இரவு 7.40. திரையில் பாக்குமரத்தின் தலையும் கொஞ்சம் வானமும். எங்கள் தோழி கத்தின நேரத்தில் ஒரு வௌவால் குறுக்கே பறந்தது. அவ்வளவுதான் சாட்சி.

திருப்பினது நாங்கள் என்று தோழிக்குச் சொல்ல இரண்டு கிழமை எடுத்தது. அவள் திட்டவில்லை. "சரி, இனி என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எங்களால் முடிந்த பதில். கமராவைப் பாதுகாக்க வேண்டும் என்று நாங்கள் வாதிடப் போகிறோம். எங்கள் பக்கத்து ஆக்களுக்கே இது பிடிக்காது என்று தெரியும். அதனால்தான் முதலில் எங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர்களிடம் வருகிறோம்.

ஏன் திருப்பினோம்?

காரணம் இருந்தது. அந்தக் கமரா அன்ரியின் உறவுக்காரப் பெடியன் ஒருவரின் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், யாருடன் வருகிறார்கள் என்று அவர் எங்களிடமே சொல்லிச் சிரிப்பார். ஒருமுறை எங்களில் இருவர் ஒரே குடைக்குள் நின்று கதைத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, கடைசியில் அந்தப் பிள்ளையின் ஊருக்கே போய்ச் சேர்ந்தது. வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது. ஒரு செமஸ்டர் அவள் படிப்பையே விட்டுவிடுகிற நிலைமைக்கு வந்தாள்.

ஆகவே கமராவுக்குத் தொப்பி போட்டவர்களைச் "சும்மா சேட்டை பிடிச்ச பெடியள்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தன்னைப் பார்க்கிற கண் யாருடையது, பார்த்ததை அது யாரிடம் போய்ச் சொல்லும் என்று தெரியாதவன் அந்தக் கண்ணை மூடத்தான் பார்ப்பான்.

அதிலும் நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள். எங்கள் வீடுகளில் 'தலையாட்டி' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. சாக்கால் முகத்தை மூடி, கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை போட்டு, வரிசையில் நிற்கும் சனத்தைப் பார்த்து ஒருவன் தலையாட்டுவான். ஆட்டினால் அந்த ஆள் போனதுதான். எங்கள் அப்பா, மாமாமார் அந்த வரிசைகளில் நின்றவர்கள். யுத்தம் முடிந்த பிறகும் நினைவேந்தல்களில் சிவில் உடையில் வந்து போனால் படம் பிடிக்கிறவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். யார் கையில் இருக்கிறது என்று தெரியாத கமரா எங்களுக்குத் தலையாட்டிதான். அந்தப் பயத்தை எவரும் எங்களுக்குப் பாடம் எடுத்து நீக்கிவிட முடியாது.

இதெல்லாம் உண்மை. ஆனால் பயம் நியாயமானது என்பதற்காக, பயத்தில் செய்த வேலையும் நியாயமாகிவிடாது. வானத்தைப் பார்த்த கமரா அந்த உறவுக்காரப் பெடியனுக்கு ஒரு கேடும் செய்யவில்லை. கேடு நடந்தது எங்கள் தோழிக்கு.

உடைப்பது புரட்சி என்கிறவர்களுக்கு

கம்பஸ்களில் கமராவை உடைப்பது, பெயின்ற் அடிப்பது, வயரை வெட்டுவது எல்லாம் ஒரு வீரக் கதையாகவே சொல்லப்படுகிறது. "அடக்குமுறையின் கண்ணைக் குருடாக்கினோம்" என்று. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. குருடாக்கினபிறகு அந்த இருட்டில் யார் பலசாலி என்பதுதான் எங்கள் கேள்வி.

பேராதனையின் கதையை எடுங்கள். 1975இல் இராமநாதன் விடுதியில் ஒரு மாணவி பகிடிவதைக்குப் பயந்து மாடியில் இருந்து குதித்து, நடக்க முடியாதவரானார். 1997இல் பொறியியல் பீடத்தின் முதலாமாண்டு மாணவன் செல்வநாயகம் வரப்பிரகாஷ் பகிடிவதையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார். எங்கள் பிள்ளை. அடுத்த வருடமே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வன்முறையையும் தடைசெய்தது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. 2025 ஏப்ரலில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதைதான் காரணம் என்ற குற்றச்சாட்டில் மாணவர்கள் கைதானார்கள். சட்டம் இருந்தும் ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? பல காரணங்கள். அதில் ஒன்று, சாட்சி சொல்ல ஆள் வரமாட்டார்கள். சொன்னவன் அடுத்த நாளும் அதே கன்ரீனில் சாப்பிட வேண்டும், அதே விடுதியில் படுக்க வேண்டும். அங்கே பயமில்லாமல் சாட்சி சொல்லக்கூடியது மதிலில் இருக்கிற அந்தக் கருவி மட்டும்தான்.

2020இன் தொடக்கத்தில் ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் சிசிடிவி கமராக்களை வைத்தே பெரிய மோதல் நடந்தது. மாணவர்கள் எதிர்த்தார்கள், நிர்வாகம் மாணவர்களை இடைநிறுத்தியது. எது சரி எது பிழை என்று நாடே பட்டிமன்றம் நடத்தியது. அதே வருடம் மார்ச்சில், அதே பல்கலைக்கழகத்தில், படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட ஒரு பெரிய டயர் புதுமுக மாணவன் ஒருவனின் தலையில் மோதி, அவன் நீண்டகாலம் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடினான். கமரா இருந்திருந்தால் அந்த டயர் நின்றிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. கமரா எந்த டயரையும் நிறுத்தாது. ஆனால் மாணவர் உரிமை என்று தொண்டை கிழியக் கத்துகிற நாங்கள், அந்தப் பெடியனும் மாணவன்தான் என்பதை எந்தச் சுலோகத்தில் எழுதினோம்?

இன்னொன்று. கமரா உடைக்கிற வேலையைத் தலைவர்மார் செய்வதில்லை. ஜூனியர் ஒருவனுக்குத்தான் ஏணி பிடிக்கச் சொல்வார்கள். அரச பல்கலைக்கழகத்துக் கமரா பொதுச்சொத்து. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க, பொதுச்சொத்துக்கு எதிரான தவறுகள் பற்றிய சட்டத்தில் மாட்டினால் பிணை எடுப்பதே பெரும்பாடு. தோட்டத்து லயத்தில் இருந்து வந்த ஒரு பிள்ளை, குடும்பத்திலேயே முதல்முதலாகக் கம்பஸ் வந்தவன், ஒரு கமராவுக்காக விளக்கமறியலில் கிடப்பதைப் புரட்சி என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வரவில்லை.

"ஹொங்கொங்கில் செய்யவில்லையா?" என்று கேட்பார்கள். செய்தார்கள். 2019 ஓகஸ்ட்டில் போராட்டக்காரர்கள் கமரா பொருத்தின 'ஸ்மார்ட்' விளக்குக் கம்பங்களை வாளால் அறுத்து விழுத்தினார்கள். முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பம் அதில் இருக்கிறது என்ற சந்தேகம். அரசாங்கம் இல்லை என்றது, சனம் நம்பவில்லை. லண்டனில் 2023இல் வாகனப் புகைக்கான கட்டண வலயத்தை விரிவாக்கியபோது, அதன் கமராக்களை இரவிரவாக வெட்டித் திரிந்தார்கள். இரண்டு இடத்திலும் இரும்புக்கூடு போட்டுப் பார்த்தாலும் தீராத பிரச்சினை ஒன்றுதான்: பூட்டினவர் சொன்னதைப் பார்க்கப்பட்டவர் நம்பவில்லை. ஆனால் ஒரு வல்லரசின் முன்னால் நின்ற சனத்தின் கோபத்தை, மூன்று நாள் முன்னால் வந்த ஜூனியரின் முன்னால் நிற்கிற சீனியர் கடன் வாங்க முடியாது. பேராதனையில் 2022 டிசம்பரில் ஒரு மாணவர் கூட்டம் முன்னாள் துணைவேந்தர் ஒருவரின் வீட்டுக்குள் புகுந்து அவரையும் மகனையும் தாக்கியது நினைவிருக்கிறதா? கூட்டமாகச் சேர்ந்தால் நாங்களும் அதிகாரம்தான். அதிகாரம் செய்வதை எல்லாம் கமரா பார்க்கத்தான் வேண்டும், அது எங்கள் அதிகாரமாக இருந்தாலும்.

திகன சொன்ன பாடம்

கமரா எப்போதும் மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனைப் பார்க்கிற கருவி என்று நினைக்கிறவர்கள், ஹந்தானையில் இருந்து அதிக தூரம் போக வேண்டாம். மகாவலியைத் தாண்டிக் கிழக்கே போனால் திகன.

2018 மார்ச் தொடக்கத்தில் திகன, தெல்தெனியப் பக்கம் தொடங்கி அக்குறணை வரை முஸ்லிம் சனத்தின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு இளைஞர் இறந்துகிடந்தார். அவசரகாலச் சட்டம் வந்தது. பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். அந்த நாட்களில் யார் அடித்தது, யார் பார்த்துக்கொண்டு நின்றது என்று சொல்ல சனத்தின் வாய்க்குத் தைரியம் இருக்கவில்லை. சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்ற கேள்வி தயாராக இருந்தது. அந்த மாதக் கடைசியில் ரொய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி, பொலிஸாரும் அரசியல்வாதிகளும் வன்முறையில் பங்கெடுத்தார்கள் என்று எழுதியது. சாட்சிகளின் வாக்குமூலத்தோடு அந்தச் செய்தி நின்ற இன்னொரு கால், சிசிடிவிப் பதிவுகள்.

யோசித்துப் பாருங்கள். சாதாரணமாகக் கள்ளனைப் பிடிக்கப் பூட்டுகிற கமரா. அன்றைக்கு அது சீருடையைப் பார்த்தது. அந்தக் கண்கள் முன்கூட்டியே உடைக்கப்பட்டிருந்தால், யாராவது தும்புத்தடியால் வானத்தைப் பார்க்கத் திருப்பியிருந்தால், நன்மை யாருக்கு?

கமரா யார் பக்கம் என்பது அது எங்கே நிற்கிறது, பதிவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாட்சி இல்லாத இடத்தில் எப்போதும் பலசாலியின் சொல்தான் உண்மை. சிறுபான்மைச் சனமாகிய நாங்கள் இதை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

கல்லும் டிலீட் பட்டனும்

இவ்வளவும் எங்கள் ஆக்களுக்கு. இனி கமரா பூட்டுகிறவர்களுக்கு.

கமராவைச் சேதப்படுத்துகிறவன் என்றதும் உங்கள் கண்ணுக்குத் தெரிவது கல்லும் பெயின்ற் டப்பாவும் வைத்திருக்கிற பெடியன் மட்டும்தான். எங்களைக் கேட்டால், இன்னும் பெரிய சேதக்காரன் ரெக்கோடருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறான். கல்லெறிந்தவன் ஒரு கமராவை உடைப்பான். இவன் ஒரு விரலால் ஒரு கிழமையை அழிப்பான். வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்புவான். வேண்டாத நாளில் "அண்டைக்கு கமரா வேலை செய்யேல்ல" என்பான். இந்த வசனத்தை இந்த நாட்டில் எத்தனை தரம் கேட்டிருப்போம்?

நாட்டின் சட்டமும் இதையேதான் சொல்கிறது. ஒலி, ஒளிப் பதிவுகளையும் கணினிப் பதிவுகளையும் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க, சாட்சியம் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இருக்கிறது. அதில் கருவி ஒழுங்காக இயங்கியிருக்க வேண்டும் என்பதோடு, பதிவு எடுக்கப்படும்போதோ எடுத்த பிறகோ எந்த விதத்திலும் மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. 'பிறகோ' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எடுக்கும்போது கைவைக்கிறவன் தெருவில் நிற்பவன். எடுத்த பிறகு கைவைக்கிறவன் உள்ளே இருப்பவன். மதிலுக்கு முள்ளுக்கம்பி போட்டுவிட்டு ரெக்கோடர் அறையைத் திறந்து வைத்திருப்பது, வேலி போட்டுவிட்டுக் கடவையை அடைக்காமல் விட்ட கதைதான்.

இரும்பு வேலை

எங்கள் ஒழுங்கைக்கு வருவோம். தோழியின் கேள்விக்குப் பிறகு நாங்கள் அன்ரியிடம் போய் உண்மையைச் சொன்னோம். அவ சிங்களத்தில் ஏசின ஏச்சை மொழிபெயர்க்க மாட்டோம். ஏசி முடித்து தேத்தண்ணி தந்தா. பிறகு கமரா பூட்டுகிற ஒரு அண்ணாவைக் கூப்பிட்டோம். செலவில் பாதி எங்களுடையது. அவரிடம் படித்ததையும் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறோம், உங்கள் போர்டிங்குக்கும் உதவும்.

முதல் பிழை உயரம். தும்புத்தடிக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. மூன்று மீற்றருக்கு மேலே ஏற்றினோம். ஆனால் ஆசைப்பட்டுக் கூரை உச்சிக்கு ஏற்றினால் எல்லாருடைய தலைமயிரும் தொப்பியும்தான் பதிவாகும், முகம் வராது.

இரண்டாவது, கமராவின் வடிவம். துப்பாக்கிக் குழல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற வகையை எவரும் தட்டித் திருப்பலாம். கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்கிற டோம் வகையில் லென்ஸ் உள்ளே இருப்பதால் வெளியில் இருந்து திருப்புவது கஷ்டம். வாங்கும்போது பெட்டியில் ஐகே10 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 20 ஜூல் அடியைத் தாங்கும் என்பது அதன் கருத்து. ஐந்து கிலோ எடையை 40 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து போட்ட அளவு அடி. ஐபி66 என்று இருந்தால் தூசியும் பலத்த மழைத் தண்ணியும் உள்ளே போகாது. கண்டி மழைக்கு அது கட்டாயம்.

மூன்றாவது வயர். யாரும் கமராவோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, தொங்குகிற வயரை ஒரு வெட்டு வெட்டினால் போதும். வயரைக் கமராவின் முதுகுப் பக்கமாகவே சுவருக்குள் எடுத்து, வெளியில் வருகிற இடமெல்லாம் இரும்புக் குழாய்க்குள் விட வேண்டும். இதில் ஒரு உள்ளூர்ச் சங்கதியும் இருக்கிறது. ஹந்தானைப் பக்கம் வயர்களின் பெரிய எதிரி எந்த மாணவர் ஒன்றியமும் இல்லை, குரங்குகள். அவை வயரில் தொங்கும், பிளாஸ்ரிக் குழாயைப் பிய்க்கும். கொள்கை, சித்தாந்தம் ஒன்றும் இல்லாமல் எங்களைவிட ஒழுங்காக இந்த வேலையைச் செய்கின்றன.

நான்காவது, ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி இரண்டு கமரா. ஒன்றுக்குப் பை போட வருகிறவனை மற்றது பிடிக்கும். முன்வீட்டு ஐயாவும் ஒன்று பூட்டச் சம்மதித்தார். மூடினால், திருப்பினால், படம் மறைந்தால் எச்சரிக்கை அனுப்புகிற வசதி இப்போதைய கமராக்கள் பலவற்றில் இருக்கிறது. எங்கள் பழைய கமராவிலும் இருந்திருக்கிறது. யாரும் அதைப் போட்டுவிடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே எங்கள் குட்டு உடைந்திருக்கும், அந்த இரவு கமரா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

ஐந்தாவது, ரெக்கோடர். விறாந்தையில் டிவிக்குக் கீழே வைத்தால் கள்ளன் அதையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போவான். பூட்டுள்ள அலுமாரிக்குள், கரண்ட் போனாலும் ஓட ஒரு சின்ன யூபிஎஸ்ஸோடு வையுங்கள். தொழிற்சாலையில் இருந்து வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், மாற்றாத பாஸ்வேர்டுள்ள கமராக்களையும் ரெக்கோடர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றி, அவற்றை வைத்தே இணையத்தின் பெரிய தளங்களைச் சில மணிநேரம் முடக்கிப்போட்டது. உங்கள் கமராவை உடைக்காமலே ஒருவன் அதைத் தன் வேலைக்காரன் ஆக்கலாம்.

கடைசியாக, மாதம் ஒருமுறை துடையுங்கள். இரவு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சியைப் பிடிக்கச் சிலந்தி லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும். இரவுப் படம் முழுக்க வெள்ளைப் புகையாகத் தெரிந்தால் பேய் இல்லை, சிலந்தி.

காகித வேலை

இரும்பு வேலை ஒருநாளில் முடிந்தது. காகித வேலைக்கு இரண்டு கிழமை எடுத்தது. ஆனால் எங்கள் கமராவை இன்று காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தக் காகிதம்தான்.

ஒரு ஏ4 தாள். சிங்களத்திலும் தமிழிலும். வாசலில் ஒட்டியிருக்கிறது. கமரா ரோட்டையும் கேற்றையும் மட்டும் பார்க்கும். அறை யன்னல், குளியலறைப் பக்கம், உடுப்புக் காயப்போடுகிற கயிறு எதையும் பார்க்காது. பதினான்கு நாளில் பதிவு தானாக அழியும். போனில் நேரலையாகப் பார்க்கிற வசதி நிறுத்தப்படுகிறது. பதிவைத் திறக்க வேண்டுமென்றால் அன்ரியும் போர்டிங் பிள்ளைகளின் சார்பில் ஒருவரும் சேர்ந்து இருக்க வேண்டும், திறந்த நாளும் காரணமும் ஒரு கொப்பியில் எழுதப்பட வேண்டும். ஒருவருக்கு ஏதாவது நடந்தால் அவர் கேட்கிற பதிவை அழியவிடாமல் எடுத்து வைக்க வேண்டும். அந்த உறவுக்காரப் பெடியனுக்கு இந்தத் தாள் பிடிக்கவில்லை. அன்ரி ஒரே வசனத்தில் முடித்தா: "கமரா என்ட வீட்டைப் பாக்கத்தான், இந்தப் பிள்ளைகளைப் பாக்கிறதுக்கில்லை."

அந்தத் தாள் ஒட்டின நாளில் இருந்து ஒருவரும் கமராவுக்குத் தொப்பி போடவில்லை. ஏணி வைத்து ஏறத் தெரிந்த அதே ஆக்கள்தான் நாங்கள். இரும்புக் குழாயால் எங்களைத் தடுக்க முடியாது. இப்போது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஒரு போர்டிங் அன்ரியால் செய்ய முடிந்ததைக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கமரா பூட்டுகிற அரச நிறுவனங்கள் ஏன் செய்யக் கூடாது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்ன நோக்கத்துக்காகத் தரவு எடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்பதற்கெல்லாம் பொறுப்புக் கேட்கிற சட்டம். ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. அரச பல்கலைக்கழகம், மாநகர சபை, பொலிஸ் எல்லாம் அதற்குள் வருகின்றன. உங்கள் இடத்தில் எத்தனை கமரா, எங்கே, எத்தனை வேலை செய்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், பார்த்ததற்குப் பதிவேடு இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பதினான்கு வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியே ஆக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. தும்புத்தடியைவிட மெதுவான வழி, ஆனால் ஒருவரும் விளக்கமறியலுக்குப் போகத் தேவையில்லை.

மாணவர் ஒன்றியங்களுக்கும் ஒரு வார்த்தை. "கமரா வேண்டாம்" என்ற சுலோகத்தை மடித்து வையுங்கள். "கமரா எங்கள் சம்மதத்தோடு, எங்கள் கண்காணிப்போடு" என்று கேளுங்கள். விடுதி வாசலிலும் இருட்டுப் பாதையிலும் வேண்டும். அறை வாசலிலும் கூட்டம் போடுகிற இடத்திலும் வேண்டாம். பதிவைத் திறக்கிற குழுவில் மாணவர் பிரதிநிதி இருக்க வேண்டும், அதில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும், தமிழ் பேசுகிற ஒருவரும் இருக்க வேண்டும். இதைக் கேட்டு நிர்வாகம் மறுத்தால் அப்போது வீதிக்கு இறங்குவோம். அந்தப் போராட்டத்துக்கு முதல் ஆளாக நாங்கள் வருவோம். ஆனால் ஜூனியரின் கையில் ஏணியைக் கொடுக்கிற போராட்டத்துக்கு வரமாட்டோம்.

எங்கள் தோழியின் பையைப் பறித்தவன் இன்னும் பிடிபடவில்லை. அவனுக்கு எங்களைத் தெரியாது. ஆனால் அன்றைக்கு இரவு அவனுக்கு வேண்டிய உதவியைச் செய்து வைத்தவர்கள் நாங்கள். அவளின் மணிக்கட்டு பொருந்திவிட்டது, இடதுகையால் எழுதிப் பழகின கொப்பி ஒன்று அறையில் கிடக்கிறது. அவள் திரும்பவும் லைப்ரரிக்குப் போய் இரவில் அந்த ஒழுங்கையால்தான் வருகிறாள்.

இன்றைக்கு உங்கள் போர்டிங்குக்குப் போகும்போது வாசல் கமராவை ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள். அது எங்கே பார்க்கிறது? அது பார்த்ததை யார் பார்க்கிறார்கள்? இரண்டில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கள். தும்புத்தடி அது இருக்கிற மூலையிலேயே இருக்கட்டும்.